கப்பலுக்கு வந்த குழாய்

என் மகளுக்கு மூன்று வயது ஆகும்வரை அவளுடைய அத்தா ஒரு சிவப்பு டெலிபோன். எங்கள் வீட்டு ஹாலில், சின்ன ஸ்டூலின் மேல் அது இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அடிக்கும். அவள் ஓடிப்போய் எடுத்து "அத்தா!" என்று கத்துவாள். துபாயிலிருந்து நான் பேசுவேன். பேசி முடித்ததும் ரிசீவருக்கு ஒரு முத்தம் கொடுத்து, தூசி படாமல் துணி போட்டு மூடிவைப்பாள் என்று என் மனைவி சொல்லுவாள். கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதில் இருந்த வம்பு ஊருக்கு வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

2004 கடைசியில் கடல் பொங்கிய செய்தி கேட்டு, கிடைத்த விமானத்தைப் பிடித்து மரக்காணம் வந்து சேர்ந்தேன். எங்கள் தெரு கடலைவிட்டுத் தள்ளி இருந்ததால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. குப்பத்தில் உயிர்கள் போயிருந்தன. அதைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. வாசலில் பையை வைத்துவிட்டு மகளைத் தூக்கக் கையை நீட்டினேன். அவள் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"யாரும்மா இது?"

"அத்தாடி. உன் அத்தா."

மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஸ்டூலைக் காட்டி, "அத்தா அங்க இருக்காரு" என்றாள்.

சாயங்காலம் நான் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அவள் ரிசீவரை எடுத்து, வெறும் டயல் டோனிடம் என்னைப் பற்றிப் புகார் செய்தாள். "அத்தா, யாரோ ஒரு மாமா வந்திருக்காரு. நம்ம பாய்ல படுக்கிறாரு. அம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது." என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். நான் வீட்டில் இருப்பதால் போன் அடிக்கவில்லை. மகள் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிரியாணித் தட்டைத் தொடவில்லை. அத்தாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக் கேட்டு அழுதாள். கடைசியில் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "என்னங்க, கடைக்குப் போயி ஒரு போன் பண்ணிட்டு வாங்களேன்" என்றாள்.

அப்படித்தான் நான் தெருமுனைப் பெட்டிக்கடையில் காசு போட்டுப் பேசும் போனிலிருந்து என் சொந்த வீட்டுக்கே பேச ஆரம்பித்தேன். போனில் நான் அத்தா. பேசி முடித்து நடந்து வீட்டுக்கு வந்தால் மாமா. "மாமா நல்லவராம்மா?" என்று ஒருநாள் போனில் கேட்டுப் பார்த்தேன். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல. குறட்டைதான் விடுறாரு" என்றாள். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெற்ற மகளிடம் நற்சான்று வாங்கக் காசு போட்டவன் அந்தக் கடற்கரையிலேயே நான் ஒருத்தன்தான்.

துபாயில் கேன்டீன் காண்டிராக்டர், எப்போது திரும்பி வந்தாலும் வேலை உண்டு என்று சொல்லி அனுப்பியிருந்தார். இங்கே ஒரு வேலை கிடைத்தால் நான் போக வேண்டாம். கிடைக்காவிட்டால் போயாக வேண்டும். போனால் மறுபடியும் டெலிபோனாகிவிடுவேன். என் கவலை அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கு உலகத்தில் எந்தக் கவலையும் இல்லை.

வேலை லாரியில் ஏறி வந்தது. கடல் பொங்கியதில் குப்பத்துக் கிணறு உப்பாகிவிட்டதால், வெளிநாட்டு உதவிக் குழு ஒன்று கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இயந்திரம் ஒன்றை அனுப்பியது. நீலப் பெட்டி, டீசல் எஞ்சின், ஒரு கறுப்புத் தொட்டி. கூடவே ஒரு போர்டு: "துறைமுகக் குடிநீர் நிலையம்." எங்கள் ஊரில் துறைமுகம் கிடையாது. மணல் உண்டு, மணலில் இழுத்துப்போட்ட பைபர் படகுகள் உண்டு, நண்டுகள் உண்டு. ஆனாலும் அந்த இயந்திரம் துறைமுகங்களில் கப்பல்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகவே செய்யப்பட்டது. எனவே கப்பலில் மாட்டுகிற குழாயும் வந்தது. தொடை கனத்துக்குக் கறுப்புக் குழாய், நுனியில் பித்தளை வாய். விரித்துப் போட்டால் எங்கள் தெருவை முழுசாக அடைக்கும்.

பொருத்த வந்த மெக்கானிக் கையில் வரைபடத்தோடு மணலில் நின்றான். "கப்பல் எங்க சார் நிக்கும்?" என்று என்னைக் கேட்டான்.

"எந்தக் கப்பல்?" என்றேன்.

அவன் வரைபடத்தைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். பிறகு குழாயை அலை வந்து தொடும் இடம்வரைக்கும் விரித்து வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

என்னை எப்படி ஆபரேட்டர் ஆக்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் துபாயில் வேலை பார்த்தது உண்மையிலேயே கடல்நீரைச் சுத்தப்படுத்தும் ஆலையில்தான். ஆனால் அதன் கேன்டீனில். சமோசா பொரித்து, சாயா போட்டுக் கொடுத்தேன். இதை ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். "பாய்க்குத் தன்னடக்கம் பாரு" என்றார்கள். "நான் மெஷினைத் தொட்டதே இல்லீங்க" என்றேன். "பெரிய மெஷினைத் தொடாம இவ்ளோ நாள் பார்த்துக்கினவரு, சின்ன மெஷினை விட்டுடுவாரா?" என்றார் குப்பத்துத் தலைவர். எல்லாரும் கை தட்டினார்கள். பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும், வடிகட்டியை வாராவாரம் கழுவ வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிக்கொடுத்திருந்தான். சமோசா பொரிப்பதைவிடச் சுலபம்.

இயந்திரத்துக்கு இரண்டு வாய். ஒன்றில் நல்ல தண்ணீர் வரும். இன்னொன்றில் உப்பெல்லாம் சேர்ந்த கழிவுத் தண்ணீர் வரும், அதைக் கடலில் விட வேண்டும். முதல் நாள் ஊரே கூடி நல்ல தண்ணீரைக் குடித்துப் பார்த்தது. உப்பளத்தில் கூலி ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி அக்கா ஒருத்தர் இருந்தார். வெண்கலக் குரல். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னா பாய், தண்ணி சப்புன்னு இருக்குது. செத்த தண்ணி மாதிரி."

இந்தக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக லேசாகக் கரிக்கிற தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்குகள் அவை. சுத்தமான தண்ணீரை அவற்றால் தண்ணீராகவே ஏற்க முடியவில்லை. டீ வாயில் நிற்கவில்லை என்றார்கள். குழம்பு ஏமாற்றுகிறது என்றார்கள். பிரம்மதேசம் பக்கத்திலிருந்து தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடினார்கள். என் தொட்டித் தண்ணீரில் படகு எஞ்சின் கழுவினார்கள்.

அடுத்த வாரம் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். முந்தானையில் முடிந்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துக் குடத்தில் போட்டுக் கலக்கினார். குடித்தார். "ஆங், இப்பதான் தண்ணி" என்றார். அன்றிலிருந்து எல்லாப் பெண்களும் முந்தானையில் உப்போடு வர ஆரம்பித்தார்கள். லாரிக்குக் கூட்டம் குறைந்தது. டீசலை எரித்து, எஞ்சினை அலறவிட்டு, கடலிலிருந்து நான் பிரித்த உப்பை, அவர்கள் என் கண் முன்னாலேயே திரும்பப் போட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் குடிக்கிறார்கள். குடித்தால் வேலை நிலைக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அக்காவின் பார்வை இரண்டாவது வாயின்மேல் விழுந்தது. கழிவுத் தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியாது. "ஏம் பாய், பாதி வேலை முடிஞ்ச தண்ணியைப் போயி கடல்ல உடுறியே, உனக்கு மனசாட்சி இருக்குதா?" உப்பளப் பாத்தியில் வெயில் பல நாள் காய்ச்சிச் செய்கிற வேலையை, என் இயந்திரம் ஒரு மூச்சில் பாதி செய்துவிட்டிருந்தது. அன்று மாலைக்குள் மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். கழிவுத் தண்ணீர் போக, பக்கத்துப் பாத்திகளுக்கு வாய்க்கால் வெட்டினார்கள்.

கழிவு வேண்டும் என்பதற்காகக் காலையிலிருந்து எஞ்சினை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். கழிவு வந்தால் நல்ல தண்ணீரும் வருமே? தொட்டி நிறைந்தது, வழிந்தது, வழிந்த தண்ணீர் பாத்திக்குள் இறங்கி, விளைந்திருந்த உப்பைக் கரைத்தது. உப்பளக்காரருக்கு மழை மாதிரி எதிரி கிடையாது. சித்திரை வெயிலில், மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே, நான் மழை பெய்ய வைத்துவிட்டேன் என்று சண்டைக்கு வந்தார்கள். மறுபடியும் ஊர்க்கூட்டம் கூடியது. கழிவுத் தண்ணீர் உப்பளத்துக்கு, வழிகிற நல்ல தண்ணீர் கடலுக்கு என்று தீர்மானமானது. நல்ல தண்ணீர் கடலுக்குப் போக இன்னொரு வாய்க்கால் வெட்டப்பட்டது. நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து, கடலிலிருந்து எடுத்த நல்ல தண்ணீர் கடலுக்கே திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவிக் குழுவிடமிருந்து மாதச் சம்பளம் வந்தது.

வீட்டில் நான் இன்னும் மாமாதான். மகள் என்னோடு பழகிவிட்டிருந்தாள். தோளில் ஏறுவாள், என் தட்டிலிருந்து எடுத்துத் தின்பாள், எல்லாம் "மாமா" என்றுதான். ஒருநாள் போனில், "அத்தா, நீ இன்னா வேலை செய்யிறே?" என்று கேட்டாள்.

"கடல் தண்ணியிலேர்ந்து உப்பை எடுக்கிறேம்மா."

"மாமாவும் அதான் செய்யிறாரு. நீங்க ரெண்டு பேரும் பிரெண்டா?"

ஆமாம் என்றேன்.

ஒரு மதியம் மனைவி எனக்குச் சோறு கொண்டுவந்தபோது மகளும் கூட வந்தாள். எஞ்சினை அணைத்திருந்தேன். கப்பலே வராத அந்தக் குழாயின் பித்தளை வாயில் மகள் முகத்தை வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுமுனையில், இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் நான் அவளுக்குத் தெரியமாட்டேன். குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட என்றைக்கும் போனதில்லை. விளையாட்டாக, இயந்திரத்தில் மாட்டாமல் கிடந்த என் பக்கத்து வாயில் உதட்டை வைத்து, "தங்கம், அத்தா பேசுறேன்" என்றேன்.

பித்தளையில் அவள் வளையல் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு குழாய் வழியாக, போனில் கேட்கிற அதே குரலில், "அத்தா?" என்று வந்தது.

"ஆமாம்மா. அத்தாதான்."

"எங்க இருக்கே?"

"இந்தக் கடைசில."

மணலில் காலடிச் சத்தம் கேட்டது. குழாயின் மேலேயே ஒரு கையை வைத்துத் தடவிக்கொண்டு ஓடிவந்தாள். இயந்திரத்தைச் சுற்றி வந்து, குழாயின் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். என் கன்னத்தில் இரண்டு கையையும் வைத்துப் பார்த்துவிட்டு, "அத்தா, நீ இங்கியா இருக்கே!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சோற்றுத் தூக்கோடு நின்ற மனைவி அழ, நானும் வெட்கமில்லாமல் அழுதேன். பாத்தியிலிருந்து பார்த்த மேஸ்திரி அக்கா, மிஷின் வெடித்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தார்.

அதன்பிறகு அது எங்கள் விளையாட்டு. தினமும் அவள் பித்தளை வாயில் காதை வைப்பாள். நான் பேசுவேன். குரல் கேட்டதும் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து மறுமுனையில் என்னைக் கண்டுபிடிப்பாள். ஒவ்வொரு தடவையும் நான் அங்கே இருந்தேன். பெட்டிக்கடைப் போனுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். என்னைக் கேட்டால் அந்த இயந்திரம் உருப்படியாகச் செய்த ஒரே வேலை இதுதான்.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில், உதவிக் குழுவிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. இயந்திரம் இங்கேயே இருக்கலாமா, வேறு ஊருக்குப் போகலாமா என்று முடிவு செய்ய வருகிறார்கள். நான் முதல் நாளே வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். நாளைக்கு ஒருநாள் தண்ணியில் உப்பு போடாதீங்க. வாய்க்காலை மண் போட்டு மூடுங்க. மேஸ்திரி அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன். "போ பாய், நீ இங்கியே இருக்கணும்னு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கினு இருக்கேன். உன் பொண்ணு மூஞ்சியைப் பார்த்துமா கெடுத்துடுவேன்?" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது.

வந்தது இரண்டு பேர். ஒரு வெள்ளைக்கார அம்மா, அவருக்கு மொழிபெயர்க்க ஒரு வெள்ளைச் சட்டை ஆபீசர். நான் பச்சைப் பொத்தானை அமுக்கிக் காட்டினேன். வெள்ளைக்கார அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார். அந்த நேரத்தில் மேஸ்திரி அக்கா குளித்துப் பொட்டு வைத்து, புதுப்புடவை கட்டி, தட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். விருந்தாளிகள் மரியாதையாக வாங்கிக் குடித்தார்கள்.

ஆபீசர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "மெஷின் ரிப்பேரா?"

நான் அக்காவை ஓரமாக இழுத்துப் போனேன். "உப்பு போடாதீங்கன்னு காலைப் பிடிச்சுக் கேட்டேனே அக்கா?"

"அது நமக்குச் சொன்னது. தேடி வந்தவங்களுக்கு வெறுந்தண்ணியா குடுப்பாங்க? நல்ல முத்து உப்பாப் பொறுக்கி, ஒரு சிட்டிகை கூடவே போட்டிருக்கேன்."

வெள்ளைக்கார அம்மாவோ டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டார். பாண்டிச்சேரியில் தின்ற எதுவோ ஒத்துக்கொள்ளாமல் அவருக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்காம். அதற்குக் கொடுக்கிற மருந்துத் தண்ணீர் மாதிரியே இருக்கிறது, உடம்புக்குத் தெம்பாக இருக்கிறது என்று ஆபீசர் மொழிபெயர்த்தார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

ஆபீசர் விடவில்லை. இயந்திரத்தின் நல்ல தண்ணீர் வாயிலிருந்து நேராகப் பிடித்து, கையில் வைத்திருந்த உப்பு அளக்கிற மீட்டரை விட்டுப் பார்த்தார். தண்ணீர் சுத்தம், குற்றம் சொல்ல முடியாத சுத்தம். "அப்புறம் இவங்க குடுத்தது?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஊரே என் வேலையைக் காப்பாற்ற முன்னால் வந்தது.

"உப்பு நாங்கதான் போடுறோம் சார். பாய் மேல தப்பே இல்ல."

"மிஷின் ரொம்ப நல்ல மிஷின் சார். இது வந்தப்புறம் உப்பு இன்னா வெளைச்சல் தெரியுமா?"

"நல்ல தண்ணியால ஒரு தொந்தரவும் இல்ல சார். கடல்ல உட்டுடுறோம்." இது குப்பத்துத் தலைவர். சொன்னதோடு நில்லாமல், மண் போட்டு மூடிய வாய்க்காலைக் காலால் தள்ளித் திறந்தும் காட்டினார்.

ஆபீசர் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக மொழிபெயர்த்தார். வெள்ளைக்கார அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பித்தளை வாயின் பக்கத்தில், முறை எப்போது வரும் என்று காத்து உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தார். பிறகு, இங்கே ஒரு கிணறு வெட்டித் தருகிறோம், இந்த இயந்திரம் கப்பல் வருகிற ஒரு துறைமுகத்துக்குப் போகட்டும் என்றார். நியாயமான பேச்சு. அந்த நியாயத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

லாரி வந்தது. நீலப் பெட்டி ஏறியது, எஞ்சின் ஏறியது, தொட்டி ஏறியது. கடைசியாகக் குழாயைச் சுருட்டினார்கள். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தா, உன் போனை எடுத்துக்கினு போறாங்க."

நான் காண்டிராக்டருக்குச் சொல்லியனுப்பினேன். அவர் சொன்ன சொல் மாறாமல் விசா அனுப்பிவைத்தார். புறப்படுகிற அன்று மேஸ்திரி அக்கா ஒரு பெரிய பொட்டலம் முத்து உப்பைக் கொண்டுவந்து கையில் திணித்தார். முந்தானையால் மூக்கைச் சிந்தினார். விமான நிலையத்தில் அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து, இந்த வெள்ளைச் சரக்கு என்ன என்றார். உப்பு என்றேன். எதற்கு? தண்ணீரில் போட்டுக் குடிக்க என்றேன். அவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டு அவர் நாக்கிலும் வைத்துப் பார்த்த பிறகுதான் என்னை விட்டார்கள்.

துபாயில் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வரிசையில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள்.

"தங்கம், அத்தா பேசுறேன்."

"அத்தா!" என்றாள். அடுத்த நொடி ரிசீவர் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. ஹலோ ஹலோ என்றேன். எங்கள் வீட்டு ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மனைவி மூச்சு வாங்க வந்து எடுத்தாள்.

"என்னங்க, போன் வயரைப் பிடிச்சிக்கினு வெளிய ஓடிட்டா அவ. தெருக் கம்பம் வரைக்கும் போயிட்டா. மேல பார்த்துக்கினே அடுத்த கம்பத்துக்குப் போறா."

"கூப்பிடு அவளை."

"கூப்பிட்டேன். நீங்க அந்தக் கடைசில இருக்கீங்களாம். போயிப் பார்த்துட்டு வர்றாளாம்." அவள் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. "நான் போயித் தூக்கிட்டு வர்றேன். வெச்சிடாதீங்க."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் சீக்கிரம் என்று கையைக் காட்டினார். நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எங்கள் தெருவிலிருந்து, ஒவ்வொரு கம்பத்துக்கும் இன்னும் கொஞ்சம் தூரமாக, அவள் "அத்தா, அத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டே போவது கேட்டது.